காத்து பிரிஞ்சுதா

நனைத்த பஞ்சை உதட்டில் வைத்ததும் ரெத்தினம் அதைப் பல்லால் கவ்விக்கொண்டார். ரெங்கம்மாள் இழுத்துப் பார்த்தாள். அவர் விடவில்லை. ஈரம் முழுவதையும் உறிஞ்சிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒதட்ட நனைக்கத்தான் சொன்னாங்க. குடிக்கச் சொல்லல."

"தெரியும். கஞ்சி இருக்காடி?"

"காத்து பிரியட்டும். அப்பறம் கஞ்சி."

ஆபரேஷன் ஆனதிலிருந்து இருவருக்கும் இதே பேச்சுதான். ரெத்தினம் நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். மூட்டை சுமந்து சுமந்து அடிவயிற்றில் குடல் இறங்கி வருஷக்கணக்காகியிருந்தது. புடைத்துக்கொண்டு வந்தால் லாரி நிழலில் மல்லாந்து படுத்து, உள்ளங்கையால் அமுக்கி உள்ளே தள்ளுவார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போவார். டாக்டரிடம் காட்டச் சொன்னால், "தள்ளுனா போவுது, அதுக்கு எதுக்கு டாக்டரு" என்பார். சம்பா அறுவடை மும்முரத்தில் ஒருநாள் தள்ளினார், போகவில்லை. அப்படியே சாயங்காலம்வரை மூட்டை தூக்கினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிக்கிய குடல் கருத்துப்போயிருந்தது. அந்தத் துண்டை வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். புரியும்படிதான் சொன்னார். "கொடலுன்னா வெறும் குழாய் இல்லம்மா. சுத்தியும் சதை. மண்புழு ஊருதுல்ல, அதுமாரி சுருங்கிச் சுருங்கி சோத்தப் பெசஞ்சு கீழ தள்ளிக்கிட்டே இருக்கும். இப்ப வெட்டித் தச்சதுல அது ஸ்ட்ரைக் பண்ணுது. வேலைக்குத் திரும்புச்சுன்னா மொதல்ல காத்து பிரியும். அதுக்கு முன்னாடி நீங்க எது குடுத்தாலும் மேலதான் வரும்."

"நானே பண்ணாத ஸ்ட்ரைக்க இது பண்ணுது பாரு" என்றார் ரெத்தினம்.

வார்டு முழுக்க இதுதான் விசாரிப்பு. குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட எதிர்க்கட்டில் முருகையனுக்கு முந்தின நாளே பிரிந்துவிட்டது. பேத்தி பிறந்த செய்தி மாதிரி எல்லாரிடமும் சொல்லி, இட்லிக்கு ஆள் அனுப்பினான்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு விட்டிருந்த குழாயை ரெத்தினம் அன்று விடியும்போது தானே பிடுங்கிப் போட்டிருந்தார். நர்ஸ் ஹபீபுன்னிசா புதுக் குழாயோடு வந்தாள். அதைப் பார்த்ததும் ரெத்தினத்தின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது.

"மறுபடி போட்டுத்தான் ஆவணும் ஐயா. காத்து பிரிஞ்சிருந்தா மட்டும் வேணாம். பிரிஞ்சுதா?"

"பிரிஞ்சுது."

"எங்களுக்குக் கேக்கலியே அண்ணே" என்றான் முருகையன்.

"ஒன்னையக் கூப்புட்டு வச்சுத்தான் விடணுமா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு ரெங்கம்மாள் பக்கம் திரும்பினாள். "நெசந்தானாம்மா? நீங்கதான கூடவே இருக்கீங்க."

பிரியவில்லை. ரெங்கம்மாள் கட்டிலை விட்டு நகரவேயில்லை. போர்வைக்கு மேலேயே தெரியும்படி வயிறு உப்பி விறைத்திருந்தது. ரெத்தினம் அவளைப் பார்த்தார். மூன்று ஆள் சோறு தின்கிற மனுஷன், ஒருநாளும் இன்னும் கொஞ்சம் போடு என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. தட்டைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார். அவளாகத்தான் போடவேண்டும்.

"ஆமாங்க சிஸ்டர்" என்றாள். "விடிகாலைல. ரெண்டு தடவ."

அந்த ரெண்டு தடவை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"டாக்டர் தியேட்டர்ல இருக்காரு. வந்து வயித்தத் தொட்டுப் பாக்கட்டும். அதுவரைக்கும் வெறும் கஞ்சித்தண்ணி, ஸ்பூன் ஸ்பூனா. வயிறு இன்னும் உப்புனா நிறுத்திட்டு என்னையக் கூப்புடுங்க." குழாயை எடுத்துக்கொண்டு நர்ஸ் போனாள்.

பிளாஸ்கில் இருந்த கஞ்சித்தண்ணியை ரெங்கம்மாள் டம்ளரில் ஊற்றி ஒரு ஸ்பூன் கொடுத்தாள். இரண்டாவது ஸ்பூனுக்குள் ரெத்தினம் டம்ளரையே வாங்கிக்கொண்டார். அவள் கை தடுக்கப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது. கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"உப்புப் பத்தல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

மத்தியானத்துக்குள் அவ்வளவும் மேலே வந்தது. கஞ்சியோடு பச்சையாகப் பித்தமும். மல்லாந்து கிடந்தவருக்கு அது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. நர்ஸ் ஓடிவந்து ஒருக்களித்துப் போட்டாள், உறிஞ்சும் மெஷினை வைத்தாள். தியேட்டரிலிருந்து டாக்டரும் ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீனை இழுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை வீட்டு வாசல் பந்தலில் லோடுமேன்கள் நின்றார்கள். பாதிப் பேர் உடம்பில் சாக்குத் தூசியோடு நேராக வந்திருந்தார்கள். ஓசூர் கம்பெனியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த மகன் இளம்பரிதி, முருகையனுக்குப் போன் போட்டு நடந்ததைக் கேட்டிருந்தான். நர்ஸ்தான் கஞ்சி கொடுக்கச் சொன்னாள் என்று முருகையன் சொல்லிவிட்டான்.

"அண்ணன அப்புடியே வண்டில ஏத்தி ஆஸ்பத்திரி வாசல்ல எறக்குவோம்" என்றான் துரைராசு. ரெத்தினத்தோடு ஒரே லாரியில் மூட்டை ஏற்றியவன். "அந்த நர்ஸம்மாவ வேலைய வுட்டுத் தூக்காம சுடுகாட்டுக்கு எடுக்கறதில்ல."

வண்டிக்குச் சொல்லியாயிற்று. இளம்பரிதி உள்ளே வந்து, கண்ணாடிப் பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்த ரெங்கம்மாள் முன் குந்தினான். துரைராசு பின்னால் வந்து நிலையில் சாய்ந்தான்.

"அம்மா, ஒன்னே ஒன்னு சொல்லு. காத்து பிரியாமயே அந்த நர்ஸு கஞ்சி குடுக்கச் சொல்லிச்சா?"

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடியது.

"பிரிஞ்சுது" என்றாள் ரெங்கம்மாள்.

"நீ பாத்தியா?"

"பாக்கறதுக்கு அது என்ன நெல்லாடா? கேட்டேன். அந்தப் பொண்ணு என்னைய விசாரிச்சுட்டுத்தான் குடுக்கச் சொல்லிச்சு."

"அப்பறம் ஏம்மா..."

"அழுகிப்போன கொடலு. எத்தன வருசம் மூட்டைக்கடில கெடந்துச்சு. அத யாரு வாசல்ல கொண்டுபோயி எறக்குவ?"

இளம்பரிதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடியைத் துடைத்தாள். துரைராசு கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடிவயிற்றில் கையை வைத்தபடி வெளியே போனான். வண்டி வேண்டாம் என்று போனில் சொல்வது கேட்டது.

வெயில் ஏறுமுன் எடுத்துவிட்டார்கள். குடமுருட்டி ஆற்றங்கரையில் புகை எழும்பியதைப் பின்கட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. பெண்கள் தலைமுழுகி வந்து உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு அகிலாண்டம் சோறும் ரசமும் எடுத்துவந்தாள்.

"ஒரு வாயாச்சும் எறக்கு அத்தாச்சி. கெஞ்ச வுடாத."

ரெங்கம்மாள் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ரசத்தை ஊற்றிக் குழையப் பிசைந்தாள். ஒவ்வொரு கவளமும் கழுத்து எலும்புக்குக் கீழே இறங்குவது வெளியே தெரிந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றாள்.