உள்தாழ்ப்பாள்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. என் வீட்டுக் குளியலறைக்கும் பக்கத்து வீட்டுப் பூட்டுக்காரரின் கழிவறைக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். கட்டியவர் செங்கல்லில் சிக்கனம் பிடித்திருக்கிறார், பலன் எனக்கு. ஒட்டுக்கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அதிக நேரம் தேய்த்தேன், அவ்வளவுதான்.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: 'அடுத்தவர் வீட்டுப் பூட்டையெல்லாம் திறக்கிற அந்த மனிதர், தன்னுடைய வீட்டுக்குள்ளேயே தானே பூட்டி…'

(நிறுத்திவிட்டேன். பூட்டுக்காரரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த வாக்கியம் கூப்பிடாமலே வந்து வாசலில் நிற்கும். உள்ளே விட்டால் நாற்காலி கேட்கும்.)

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். பூட்டுக்காரருக்கு வயிறு சரியில்லை. வருடக்கணக்காகச் சரியில்லை. வெளியே கிளம்பலாம் என்று செருப்பில் காலை நுழைத்ததும் வயிறு முறுக்கும். உள்ளே ஓடுவார். திரும்பி வந்து செருப்பைப் பார்ப்பார். செருப்பும் இவரைப் பார்க்கும். மறுபடி முறுக்கும்.

ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் பெயர் சொன்னார். "இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்னு சொல்லுவோம். உங்க குடல் கொஞ்சம் கோபக்காரக் குடல். நீங்க பயந்தா அது கோவிச்சுக்கும். அது கோவிச்சுக்கிட்டா நீங்க பயப்படுவீங்க."

"இதுல யாரு முதல்ல நிறுத்தணும், டாக்டர்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அதன் பிறகு வேலை வீட்டுக்கே வந்தது. ஜனங்கள் பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். கழற்ற முடியாதவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.*

* கதவையே பெயர்த்துத் தோளில் தூக்கி வந்த ஒருவரை என் கண்ணால் பார்த்தேன். கதைக்கு அவர் தேவையில்லை. ஆனாலும் விட மனசு வரவில்லை.

3

பாத்திரத்தின் மேல் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. இவர் நிஜமாகவே முடியாமல் இருக்கிறாரா, இல்லை, போக வேண்டிய இடங்களுக்குப் போகாமல் தப்பிக்க ஒரு சாக்கா? சாக்கு என்று வைத்தால் கதை சுவாரஸ்யமாகப் போகும். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியும். நடிப்புக்காக ஒரு மனிதர் அவ்வளவு தண்ணீர் ஊற்ற மாட்டார்.

அவருடைய அக்காவுக்குச் சுவர் கிடையாது. மூன்று தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். அதனால் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "எல்லாம் மனசுடா. நாலு எடத்துக்குப் போய்ட்டு வா, தானா சரியாயிடும்" என்பாள். தம்பி ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனபோது, கழிவறையில் இருந்த நேரம் பார்த்து, யாரோ விருந்தாளி கதவை வெடுக்கென்று இழுத்துவிட்டார். லொடலொட தாழ்ப்பாள், கையோடு வந்துவிட்டது.

பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்து இரும்பை எடுத்தார். அடுத்த முறை வந்தால் நிம்மதியாக உட்கார வேண்டும் என்பதற்காக, தன் கையாலேயே ஒரு உள்தாழ்ப்பாள் செய்து கொண்டுவந்து மாட்டினார். விரல் தடிமன் இரும்பு. திருகாணிகளின் தலையை அரத்தால் ராவி வழவழப்பாக்கிவிட்டார், யாரும் கழற்ற முடியாதபடி. மாட்டி முடித்து, ஒரு முறை உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அதற்கப்புறம் அங்கே போகவே இல்லை.

4

இப்போது பல் தேய்த்த காலைக்கு வருகிறேன். அந்தப் பக்கம் போன் ஸ்பீக்கரில் அலறியது.

"டேய், பாத்ரூம்ல மாட்டிக்கிட்டேன்டா. நீ போட்ட தாழ்ப்பாள் அசைய மாட்டேங்குது."

"பதறாத அக்கா. இப்ப எங்க இருக்க?"

"பாத்ரூம்லன்னு சொன்னேனேடா! நீ எங்க இருக்க?"

"நானும் பாத்ரூம்லதான்."

இரண்டு பக்கமும் பேச்சில்லை. மூன்று பக்கமும் என்று எழுத வேண்டும். நானும் பிரஷ்ஷை நிறுத்தியிருந்தேன்.

"திருகாணியைக் கழட்டிப் பாக்கறியா?"

"எதை வெச்சு? சோப்பை வெச்சா? ஒண்ணுக்கும் தலையே இல்லையேடா!"

"அது… நான்தான் ராவினேன்."

"நல்லா ராவினே போ. கேளு, காலைல இன்சுலின் ஊசி போட்டாச்சு. சாப்பாடு வெளியே மேஜைல இருக்கு. கை நடுங்குதுடா."

இந்த இடத்தில் அவள் குரல் சின்னதாகிவிட்டது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் என்று தம்பிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வேற யாரையாவது அனுப்பட்டுமா அக்கா?"

"முன்கதவைத் திறந்துடுவாங்களா?"

முன்கதவுப் பூட்டும் அவர் போட்டதுதான். இந்த ஊரில் அதை உடனே திறக்கக்கூடியவர் ஒரே ஆள். அந்த ஆள் இப்போது எழுந்திருக்கத் தயங்கிக்கொண்டிருந்தார்.

5

நான் குப்பைக் கூடையோடு தற்செயலாக வாசலுக்கு வந்தேன். (தற்செயல் என்றே இருக்கட்டும்.) அவர் கருவிப் பையோடு படியில் நின்றிருந்தார். ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில். முகம் சுவர் நிறத்தில்.

"பையை நான் தூக்கிக்கறேன், பூட்டுக்காரரே. நடங்க."

"எழுத்துக்காரம்மா, உங்களுக்கு எப்படி…" என்றவர் என் வாயோரத்துப் பேஸ்ட் நுரையைப் பார்த்தார். "சரி, வாங்க. ஆனா பேசாம வாங்க."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு பெரிய உதவியைக் கேட்டதில்லை.

முதல் தெரு முடிவதற்குள் நின்றுவிட்டார். நெற்றியில் வியர்வை. எதிரே ரொட்டிக் கடை. அதன் பின்பக்கம் ஒரு கழிவறை உண்டு. கடைக்காரர் அதைச் சொந்தச் சொத்து மாதிரி காவல் காப்பவர். அங்கேதான் நான் என் திறமையைக் காட்டினேன். ஒரு இனிப்பு பன் கேட்டேன். கேட்டுவிட்டு, "உங்க மச்சான் திரும்பி வந்துட்டாராமே?" என்றேன். மனிதர் கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். இனி அவர் முதுகுக்குப் பின்னால் யானை போனாலும் தெரியாது.

பூட்டுக்காரர் உள்ளே போனார். உடனே வெளியே வந்தார்.

"என்ன, அதுக்குள்ளயா?"

"போகல. இருக்கான்னு பாத்தேன்." மூச்சு விட்டார். "இருக்குன்னு தெரிஞ்சா அடுத்த தெரு வரைக்கும் தாங்கும்."

அடுத்த தெருவில் மருந்துக் கடை. அங்கும் பார்த்தார். தாங்கியது. மச்சான் கதையில் பாதியை நான் இன்னும் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

6

கதாசிரியர்கள் இந்த இடத்தில் செய்வதையெல்லாம் நானும் செய்து பார்த்தேன்.

அக்காவைக் காப்பாற்றிய பெருமையில் வயிறு நிரந்தரமாகக் குணமாகிவிடுகிறது. (குடல் கதை படிப்பதில்லை.)

இவர் கை வைத்ததும் தாழ்ப்பாள் தானாகத் திறந்துகொள்கிறது, அக்கா கண்ணீர்விட்டு… (அவர் கைவேலையை நீங்கள் பார்த்ததில்லை. தானாகத் திறக்காது.)

7

நடந்தது இது. முன்கதவை ஒரு கம்பியால் திறந்தார். கழிவறைக் கதவின் முன்னால் மண்டியிட்டார். டிரில்லை எடுத்து, கதவுப் பலகை வழியாகத் தான் செய்த தாழ்ப்பாளைத் தானே துளைக்க ஆரம்பித்தார். பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். உள்ளேயிருந்து, "டேய், இருக்கியா?" என்று கேட்டது. "இருக்கேன்க்கா" என்று மறுபடி டிரில்லை அழுத்தினார்.

இரும்பு இரண்டாகி விழுந்தது. கதவு வெளிப்பக்கம் திறந்தது. அக்கா சுவரைப் பிடித்தபடி வந்தாள், உதடு வெளுத்து. பன்னை அவள் கையில் வைத்து அழுத்தினேன். பெரிய கடியாக இரண்டு கடித்துவிட்டுத்தான் தம்பியைப் பார்த்தாள். அவர் மடங்கி நின்றார். அந்த வீட்டில் இருப்பது ஒரே கழிவறை. கதவு விரியத் திறந்து கிடந்தது.

"போடா, என்ன பாக்கற?"

"தாழ்ப்பாள் இல்லையேக்கா."

'எல்லாம் மனசுடா' என்று அவள் சொல்வதற்காகக் காத்திருந்தேன். வரைவில் அப்படியே எழுதியும் வைத்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். வியர்வையைப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து வந்தாள்.

"உள்ள போ. கதவைச் சாத்தி முதுகைக் குடுத்து உக்காந்துக்கறேன். யாரு வந்தாலும் என்னை நகர்த்திட்டுத்தான் இழுக்கணும்."

"நேரமாகும்க்கா."

"ஆகட்டும். நானும் சாப்பிடணும்ல."

அவர் உள்ளே போனார். அக்கா கதவோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து, மேஜையிலிருந்த தட்டை மடிக்குக் கேட்டாள். கொடுத்தேன். அடுத்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. வாசலுக்கு வெளியே வந்து நின்றேன். அந்த வீட்டுச் சுவர் ஒன்றின் மேலும் காதை வைக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஆகவே அவர் எப்போது வெளியே வந்தார், அந்தக் கதவில் மறுபடி தாழ்ப்பாள் போட்டாரா, இனிமேல் அக்கா வீட்டுக்கு வருவாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் காத்திருக்கலாம். அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்கிறது.

கதவை மட்டும் தட்டாதீர்கள்.