இரண்டு குற்றவாளிகளும் ஒரு தேனீப் புத்தகமும்

பிளீதா நகர நூலகத்தில் தேனீ வளர்ப்புக்கென்று உருப்படியாக இருந்தது ஒரே ஒரு புத்தகம். கடைகளில் அது வராமல் போய் வெகுகாலம் ஆகிறது. அதை எடுப்பதும், கெடு முடிந்தால் திருப்புவதும், மறுபடி முறைக்குக் காத்திருப்பதுமாகப் புவாலமுக்குப் பொழுது போய்க்கொண்டிருந்தது. மலைமேல் தைம் என்னும் வாசனைச் செடிகளுக்கு நடுவே தேனீப் பெட்டி வைத்துப் பிழைப்பவன் அவன். அந்தப் புத்தகம் சொந்தமாக வேண்டும் என்ற ஆசை அவனைப் பேயாய்ப் பிடித்திருந்தது. திருட மனம் வரவில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

அன்று திருப்பப் போனபோது நூலகர் ஹூரியா புரட்டிப் பார்த்தாள். நடுவில் இரண்டு வழவழப்பான படத்தாள்கள் தேனால் ஒட்டிக் கிடந்தன. அவள் முகம் கடுகடுத்தது.

“கெடுத்தவங்க விலையைக் கட்டிட்டுப் புத்தகத்தை எடுத்துட்டுப் போகணும். அதான் இங்க சட்டம்,” என்றாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! புவாலம் அவசரமாகப் பணத்தை எடுத்தான். எடுக்கும்போதே வாசனை மூக்கில் ஏறியது. ஆரஞ்சுப்பூத் தேன். அவனுடையது இல்லை, கீழே தோப்பில் பெட்டி வைத்திருக்கும் மெசூதுடையது. இவனுக்கு முன்னால் புத்தகம் அவனிடம்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவனுக்கே போய்விடும். மனசாட்சி குறுகுறுத்தது. அவளாகக் கேட்கிறாள், நான் கொடுக்கிறேன், இதில் பொய் எங்கே என்று அதைத் தட்டித் தூங்க வைத்தான்.

கெட்ட நேரம் பாருங்கள், அடுத்த முறைக்காக மெசூது பின்னாலேயே நின்றிருந்தான். குனிந்து ஒரு தரம் மோந்தான்.

“அக்கா, இது எம் பெட்டித் தேன். கெடுத்தது நான். நானே கட்டுறேன்.”

தொலைந்தது என்று சொல்ல வராத நாக்கு இப்போது சரளமாக வந்தது. ரொட்டியில் தேன் தடவிக்கொண்டே படித்தது தான்தான் என்று புவாலம் சாதித்தான்.

“உன் தேன்ல ஆரஞ்சு வாசம் எப்படிப்பா வந்துச்சு? உன் ஈ பஸ் ஏறிக் கீழ வந்துச்சா?” என்றான் மெசூது.

‘நான் இல்லை’ என்று சாதித்தவர்களை ஹூரியா எத்தனையோ பார்த்திருக்கிறாள். ‘நான்தான்’ என்று இருவர் மல்லுக்கு நிற்பது புதிது. மேசையில் கொதிக்கக் கொதிக்க இருந்த புதினாத் தேநீரின் ஆவியில் அந்தத் தாள்களைக் காட்டினாள். தேன் இளகித் தாள்கள் பிரிந்தன. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். கழுவின தட்டு மாதிரி ஆகிவிட்டது பக்கம்.

“கறையும் இல்ல, கட்டணமும் இல்ல. மெசூது, உங்க முறை. கெடுவுக்குள்ள கொண்டு வந்துடுங்க.”

வெளியே வந்து இருவரும் எதிர்க் கடையில் காபி குடித்தார்கள். புவாலமுக்குக் கொஞ்ச நேரம் வயிறு எரிந்தது. பிறகு யோசித்தான்: புத்தகம் தனக்குச் சொந்தமாகவில்லை, ஆனால் மெசூதுக்கும் ஆகவில்லை. அந்த நிறைவில், புத்தகத்துக்கென்று எடுத்த காசிலிருந்தே, மெசூதின் காபிக்கும் சேர்த்துக் கொடுத்தான்.