ஆறாவதைத் தாண்டியவள்

குணசுந்தரியின் வீட்டில் சனி பகவானைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற வழக்கமே கிடையாது. 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். மகன் புவனேசனுக்குக் கும்ப ராசி, ஜென்மச் சனி நடக்கிறது, பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பீடோங் ஊர்ச் சோதிடர் சொன்ன நாளிலிருந்து இந்தச் சட்டம். சனிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போய் எள்விளக்கு ஏற்றுவாள். நவக்கிரகத்தைச் சுற்றும்போது அவருக்கு நேரே மட்டும் நிற்க மாட்டாள். ஓரமாக ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கும்பிடு. அவர் பார்வை படாமல் தப்பித்து வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குள் அவரைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வந்தது அவள் பெற்ற பிள்ளையேதான்.

புவனேசன் கோலாலம்பூரில் ஓர் இசைக்குழுவில் செல்லோ வாசித்தான். "பெரிய வயலினு, காலுக்கு நடுவுல வெச்சு வாசிக்கிறது" என்று கையுறைத் தொழிற்சாலையில் உடன் வேலை செய்கிறவர்களுக்கு அவள் விளக்கம் சொல்லுவாள். பள்ளிக்கூடத்து மூலையில் யாரும் தொடாமல் கிடந்த ஒன்றைப் பதின்மூன்று வயதில் எடுத்தவன், பிறகு விடவே இல்லை. அவளுக்கு அதில் பெருமைதான். குறை ஒன்றே ஒன்று. மேடையேறும்போதெல்லாம் எல்லோரும் கறுப்பு உடுத்த வேண்டுமாம். கறுப்பு அவருடைய நிறம். உலகத்தில் இத்தனை நிறம் இருக்க, இவர்களுக்கு இதுதானா கிடைத்தது என்று ஒவ்வொரு முறையும் புலம்புவாள்.

சென்ற தீபாவளிக்குப் பாக்கார் ஆராங்கில் இருக்கிற வீட்டுக்கு வந்தவன், அவள் கைப்பேசியில் ஓர் ஒலிப்பதிவை ஏற்றினான். சூரியனைச் சுற்றும் கிரகங்களை வைத்து எழுதிய இசை. எழுபது பேர் சேர்ந்து வாசித்தது. கிரகத்துக்கு ஒன்றாக எட்டுத் துண்டுகள்.

"புதன், வெள்ளி, பூமி, செவ்வா, வியாழன், சனி, அப்புறம் யுரேனஸ், நெப்டியூன்."

"ராகு கேது எங்கடா?"

"அவங்களுக்கு நோட்ஸ் எழுதலம்மா."

"எழுதியிருக்கணும்லா. கோவிச்சுக்குவாங்க."

புவனேசன் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இதுல ஒண்ணே ஒண்ணுல நான் தனியா வாசிக்கிறேன். மத்தவங்க எல்லாம் சும்மா இருப்பாங்க. எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டுக் கண்டுபிடிங்க. ஒங்க புள்ளைய ஒங்களுக்குத் தெரியாமப் போவுமா?"

அவன் திரும்பிப் போன மறுநாளே குணசுந்தரி வேட்டையைத் தொடங்கிவிட்டாள். வேலைக்குக் கிளம்புமுன் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். பாடல் இல்லாத இசையை இவ்வளவு நேரம் அவள் கேட்டதே இல்லை. புதன் அங்குமிங்கும் ஓடினார். செவ்வாய் வந்தபோது முரசுச் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது. வியாழனில் எல்லாம் அடங்கி, ஒரே ஒரு வாத்தியம் தனியாக எழுந்து, நல்ல காரியத்துக்குப் புறப்படுகிற மாதிரி நிதானமாக நடந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். இதுதான், இவன்தான் என்று கண் கலங்கியது. குருவிடம் போய் உட்கார்ந்திருக்கிறானே பிள்ளை, வேறென்ன வேண்டும்?

அடுத்தது ஆறாவது. அதை மட்டும் அவள் கேட்கவில்லை. வியாழன் முடிகிற இடம் மனப்பாடமாகிவிட்டது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடி, ஆறாவது தொடங்குமுன் ஏழாவதை அழுத்திவிடுவாள். விளக்கு வைக்கிற வீட்டில் அவரை வலியக் கூப்பிடுவார்களா யாராவது?

"ஏன்லா, போன்ல இருந்து எறங்கி வந்து புடிச்சிக்குவாரா?" என்று கணவர் மணியம் கிண்டல் செய்வார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவர். எதற்கும் அதிகம் பேசாதவர்.

"ஒங்களுக்கு என்னா தெரியும். சும்மா இருங்க."

அந்த வாரமே மகனுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். "தம்பி, கண்டுபிடிச்சிட்டேன். வியாழன்தானே? மொதத் தடவையே தெரிஞ்சிருச்சு."

ஒரு மணி நேரத்துக்குள் பதில் போடுகிறவன், அன்று ஒரு நாள் முழுக்கப் போடவில்லை. மறுநாள் வந்தது. "ஆமாம்மா. கரெக்ட்." அவ்வளவுதான். அவள் அதைத் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

பங்குனி பிறந்த மூன்றாம் நாள் புவனேசனுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கி என்றார்கள். இவர்கள் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தபோது அவன் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்துநான்கு வயது.

அதன் பிறகு குணசுந்தரி வியாழனையே பிடித்துக்கொண்டாள். காலையில் வியாழன், மதியம் வியாழன், படுக்கப் போகுமுன் வியாழன். அந்த ஒற்றை வாத்தியம் எழும்போதெல்லாம் "வந்துட்டியாய்யா" என்பாள். மணியம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். மருத்துவமனையில் கொடுத்த மகனுடைய கைப்பேசியை அவர் அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து நாள் தவறாமல் சார்ஜ் போட்டுவந்தார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று படையல் போட்டார்கள். அவனுக்குப் பிடித்த நண்டுப் பிரட்டல், சர்சி குளிர்பானம், எல்லாம் இலையில் இருந்தன. குணசுந்தரி ஒலிபெருக்கியைப் படத்தின் முன் வைத்து, வந்திருந்தவர்கள் கேட்கட்டும் என்று வியாழனைப் போட்டாள். "எம்புள்ள வாசிச்சது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சொந்தக்காரர்கள் தலையை ஆட்டினார்கள்.

இசைக்குழுவில் வயலின் வாசிக்கிற ஷாமளா என்ற பெண் முதல் பேருந்து பிடித்துக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். படத்துக்குப் பூப் போட்டுவிட்டுச் சற்று நேரம் நின்று கேட்டாள்.

"ஏன் ஆண்டி இதப் போட்டிருக்கீங்க? புவனோடதப் போடலயா?"

"இதுதானேம்மா புவனோடது."

"இல்ல ஆண்டி, இது எங்க செல்லோ லீடர் வாசிக்கிறது. அவர் சீனியர். புவன் சோலோ அடுத்ததுல. சனி. ஆரம்பமே அவந்தான். ரெண்டு நிமிசம் தனியா வாசிப்பான், நாங்க எல்லாம் மூச்சு விடாம ஒக்காந்திருப்போம்." குணசுந்தரியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. "சோரி ஆண்டி. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

குணசுந்தரி இசையை நிறுத்தினாள். பிறகு எல்லோரையும் உட்கார வைத்துச் சாப்பாடு பரிமாறினாள். ரசம் போதுமா, அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள். ஷாமளாவுக்கு நண்டு கட்டிக் கொடுத்தாள். மூன்று மணிக்குக் கடைசிக் கார் கிளம்பியது. அப்புறம்தான் கணவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

மணியம் தரையைப் பார்த்தார். "தெரியும். எனக்கும் அனுப்பியிருந்தான். லாரியில கேட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லலயே!"

"அவந்தான் வேணாம்னான். சனின்னு சொன்னா அம்மா பயப்படுவாங்க, அன்னைக்கே கோவிலுக்கு ஓடுவாங்கன்னான். வியாழன்னு சந்தோசமா இருக்காங்க, இருந்துட்டுப் போட்டும்னான்." அவர் மகன் கைப்பேசியின் சார்ஜ் வயரைச் சரிசெய்தார். "ஆனா ஒன்னு கேட்டான். அம்மா சனிய ஒரு தடவகூட கேக்கலயாப்பான்னு. நா என்னா சொல்றது?"

குணசுந்தரி மகன் படத்தின் பக்கம் திரும்பினாள். வாரா வாரம் எள்விளக்கு ஏற்றி எதைக் காப்பாற்றினாள்? யாரை அவர் பார்வையிலிருந்து ஒளித்து வைத்தாளோ, அந்தப் பிள்ளையையே அல்லவா அவள் ஒவ்வொரு காலையும் ஈரக் கையோடு ஓடி வந்து தாண்டிப் போயிருக்கிறாள். இன்னொருவன் வாசிப்புக்கு அழுது, 'வந்துட்டியாய்யா' என்று கேட்டிருக்கிறாள்.

நாற்காலியை இழுத்து, ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். ஆறாவதை அழுத்தினாள்.

முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு மூச்சு. மூக்கு வழியாக இழுத்தது, முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சீழ்க்கை. சிறு வயதிலிருந்தே சளி கட்டுகிற மூக்கு அது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடும்போதும் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும்போதும் இப்படித்தான் இழுப்பான். வில் கம்பியைத் தொடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு செல்லோ தொடங்கியது. மிகக் கீழே, மெதுவாக, அவசரமே இல்லாமல். பயப்படும்படி அதில் எதுவும் இல்லை. வயதான ஒருவர் யாருக்காகவோ காத்திருப்பது மாதிரிதான் இருந்தது. ஒவ்வோர் இழுப்புக்கு முன்னாலும் அந்தச் சீழ்க்கை கேட்டது. மணியம் நிறுத்தக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொத மூச்சுலயே சொல்லியிருப்பேனேய்யா" என்றாள். "ஒரே ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

முடிந்ததும் கைப்பேசியை எடுத்து, மகன் பெயரைத் தேடி, குரல் செய்திக்கான பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"தம்பி, வியாழன் இல்ல. சனி. ஆறாவது. இப்பச் சரிதானே?"

விரலை எடுத்தாள். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், நண்டு ஆறிப்போன இலைக்கு மேலே, புவனேசனின் கைப்பேசி டிங்கென்று ஒலித்து ஒளிர்ந்தது. அம்மா என்று அதில் பெயர் வந்தது. இருவரும் அது அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.