மண்ணுளி என்று சொன்னாள்

அன்புக்கரசிக்கு பாண்டி பஜாரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து நம்பர் எழுதித் தருவாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மந்தைவெளி வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாம்பு பார்க்கப் போய்விடுவாள். எதையும் பிடிக்க மாட்டாள். தள்ளி நின்று பார்ப்பாள், போட்டோ எடுப்பாள், நோட்டில் தேதியும் இடமும் எழுதுவாள். ஏழு வருஷமாக இப்படித்தான். அம்மா தடுத்ததில்லை, திரும்பி வந்ததும் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் வரவேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இதே பழக்கமுள்ள இருபது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற விசாலாக்ஷி மாமி அதை நடத்தினாள். மாமி வைத்த விதி ஒன்றுதான்: பாம்பு இருக்கும் இடத்தை வெளியில் சொல்லக்கூடாது.

ராம்குமாரும் அதில் இருந்தான். அன்புக்கரசியின் வயதுதான். தி.நகரில் அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கேமராவில் கெட்டிக்காரன். பாம்பை அடையாளம் சொல்ல மட்டும் வராது. போட்டோவை அவளுக்கு அனுப்பிக் கேட்பான், அவள் பெயர் சொல்வாள், அவன் தானே கண்டுபிடித்ததுபோல இணையத்தில் தன் பக்கத்தில் போடுவான். எண்பதாயிரம் பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சித்திரை மாதம் சைதாப்பேட்டைக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய காலி மனையில் ஒரு புற்றை அவள் கண்டுபிடித்தாள். உள்ளே ஒரு நல்ல பாம்பு முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்தது. வாரம் இரண்டு நாள் வேலைக்கு முன்பே அங்கே போய், முப்பதடி தள்ளி ஒரு உடைந்த சிமெண்ட் குழாயின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். பாம்பு இரை தேடிக்கூடப் போகவில்லை. மெலிந்துகொண்டே வந்தது. குட்டிகள் வெளியே வருவதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

நாற்பத்தைந்தாவது நாள் ராம்குமாரையும் கூட்டிப் போனாள். அவன் ஒரு மாதமாகக் கெஞ்சியிருந்தான். அன்று தூர நின்று போட்டோ எடுத்தான், கிளம்பினான். மறுநாள் அவளிடம் சொல்லாமல் திரும்பிப் போய், நீளக் குச்சியால் புற்றுவாயைக் குத்திப் பாம்பைப் படமெடுக்க வைத்து வீடியோ போட்டான். பின்னால் பக்கத்து அடுக்குமாடியின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் அவள் போனபோது புற்று இல்லை. கடப்பாரையால் இடித்து, மண்ணெண்ணெய் ஊற்றிப் பாம்போடு சேர்த்துக் கொளுத்தியிருந்தார்கள். அடுக்குமாடியின் வாட்ச்மேன் அவளைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"செல்போன்ல பாத்துட்டு அல்லாரும் பயந்துட்டாங்கம்மா. கொயந்தைங்க வெளையாடுற எடம். இன்னா பண்ணுவாங்க?"

அவள் குந்தி உட்கார்ந்து முட்டை ஓடுகளை எண்ணினாள். பதினேழு. சிலவற்றில் குட்டி முழுதாக உருவாகியிருந்தது, கழுத்துப் பட்டைகூடத் தெரிந்தது.

ராம்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, நான் லொகேஷனே போடலையே என்றான். அப்புறம், ஒரு பாம்புதானே அன்பு, இதுக்குப் போய் இப்படியா என்றான். அவள் பரவாயில்லை என்று சொல்லி போனை வைத்தாள். மாமியிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமி அவனைக் கண்டிப்பாள், அவன் மன்னிப்புக் கேட்பான், அதோடு முடிந்துவிடும். அப்படி முடிவதை அவள் விரும்பவில்லை. அவன் அனுப்பும் போட்டோக்களுக்கு முன்போலவே பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயரையும் சரியாகச் சொன்னாள்.

மார்கழியில் அடையாறு பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் அவள் காத்திருந்தது கிடைத்தது. சருகுக்குள் பாதி புதைந்து, காலை வெயில் விழும் ஒரே இடத்தில் நான்கு நாளாகப் படுத்திருந்த இளம் கண்ணாடி விரியன். தலை சருகுக்கு அடியில். வெளியே தெரிந்த நடு உடம்பைப் பார்த்தால் மண்ணுளிப் பாம்பு என்றே பலரும் நினைப்பார்கள். மண்ணுளிக்கு விஷமில்லை. விரியன் கடித்தால் கை அழுகும், சிறுநீரகம் போகும்.

நடு உடம்பை மட்டும் போட்டோ எடுத்து ராம்குமாருக்கு அனுப்பினாள். கீழே, 'மண்ணுளி. அழகா இருக்கு. வர்றியா?' என்று எழுதினாள். அவனை எண்பதாயிரம் பேர் முன்னால் முட்டாளாக்கினால் போதும், கையை நீட்டியதும் சொல்லிவிடலாம் என்பதுதான் அப்போது அவள் நினைப்பு.

மறுநாள் எட்டு மணிக்கு அவன் ட்ரைபாடோடு வந்தான். பாம்பு அதே இடத்தில் அசையாமல் கிடந்தது. செல்போனை நிறுத்தி நேரலையைத் தொடங்கினான். வணக்கம் சொல்லி, இது மண்ணுளி, பரம சாது, இப்போது கையில் எடுத்துக் காட்டப்போகிறேன் என்று பேசிக்கொண்டே மண்டியிட்டான். பிறகு, கேமராவில் விழாமல் பத்தடி தள்ளி நின்ற அவளிடம் திரும்பினான்.

"அன்பு, தலை எந்தப் பக்கம்?"

தலை இடப்பக்கம் இருந்தது. அவளுக்குத் தெரியும். சொல்ல வேண்டிய நேரம் இதுதான் என்பதும் தெரியும். வாய் திறக்கவில்லை. அவன் ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி பரவாயில்லை என்று சிரித்தபடி கையை இறக்கினான். விரல்கள் சருகைத் தொட்டன. அந்தக் கை இன்னும் கீழே போகட்டும் என்று அவள் உடம்பு முழுவதும் விரும்பியது. சீறுவதற்கு முன்பு உப்புவதுபோலப் பாம்பின் உடம்பு மெல்ல உப்பியது.

"ராம், அது கண்ணாடி விரியன்."

சாதாரணக் குரலில்தான் சொன்னாள். அவன் கையை இழுத்துக்கொண்டு மல்லாந்து விழுந்தான். விரியன் குக்கர் போலச் சீறிப் பாய்ந்தது. அவன் சட்டைக் கையின் நுனியில் விஷத்தின் ஈரத்தடம் மட்டும் விட்டுவிட்டுச் சருகுக்குள் போனது. எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் எழுந்து நேரலையை நிறுத்த வெகுநேரம் ஆனது. 

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போட்டோ அனுப்பும்போதே."

"செத்திருப்பேன் அன்பு."

"பதினேழு முட்டை, ராம்."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ட்ரைபாடை மடக்கினான். கேட் வரை போய், நீ சொல்லாமலே இருந்திருப்பியா என்று கேட்டான். 

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஒரு பள்ளிக்கூடம் அவன் பேச இருந்த நிகழ்ச்சியை ரத்து செய்தது. மூன்றே வாரத்தில் அவன் கணக்கை மூடிவிட்டான். கடையில் கஸ்டமர் இல்லாத நேரங்களில் அன்புக்கரசி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவன் விழும் இடத்தில் ஒவ்வொரு முறையும் மனசு குளிர்ந்தது.

மாமி ஒரு சனிக்கிழமை போன் செய்தாள். வீடியோவைத் தானும் பலமுறை பார்த்ததாகச் சொன்னாள்.

"அவன் தலை எங்கேன்னு கேட்டதுலேர்ந்து நீ வாய் தெறக்கற வரைக்கும் பதினோரு செகண்ட். நான் எண்ணினேன். ஏன்டி பாத்துண்டே நின்னே? பயத்துல பேச்சு வரலையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் மாமி நம்பியிருப்பாள்.

"இல்ல மாமி. அவன் கை இன்னும் கீழ போகட்டும்னுதான் நின்னேன்."

 புற்றைப் பற்றித் தனக்கும் இப்போது தெரியும் என்றாள் மாமி. அவன் செய்தது பாவம், அதில் சந்தேகமே இல்லை என்றாள்.

"ஆனா இனிமே யாரும் உன்கூடக் காட்டுல நடக்க மாட்டா. நானும் வரமாட்டேன். புரியறதா?"

புரிகிறது என்று அன்புக்கரசி சொன்னாள். சாயங்காலத்துக்குள் குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகவே கிளம்பினாள். குட்டை ஓரத்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பு தவளையை விழுங்கிக்கொண்டிருந்தது. முழுதாக உள்ளே போகும்வரை நின்று பார்த்தாள். பத்துப் பதினைந்து போட்டோ எடுத்தாள். அனுப்ப ஆளில்லை. மாமி சொன்னது நியாயம் என்றுதான் பட்டது. அந்தப் பதினோரு விநாடியை நினைத்து வருத்தம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. நோட்டை எடுத்துத் தேதியை எழுதினாள்.