நாற்பத்தாறு மூச்சு

சூடு பொறுக்காமல் ஒரு மனிதன் வாயைத் திறந்து விடும் மூச்சுக்கு விலை நாற்பது டாலர். ஒரு மூச்சுக்கு. விலை சொன்னவர் லினெட் என்ற தயாரிப்பாளர். சொன்ன இடம் மெல்பர்னில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். சரக்குக்குச் சொந்தக்காரர் நீனு ஃபரூஜா, வயது ஐம்பத்தெட்டு.

நீனுவின் குரலைக் கேட்காதவர் அந்த ஊரில் இல்லை. முகத்தைப் பார்த்தவரும் இல்லை. இளமையில் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் நான்கு வருடம் நடித்தார், குதிரை வேஷத்தின் பின்பாதியாக. முன்பாதிக்காரர் பெரிய ஆளாகிவிட்டார். நீனு விளம்பரக் குரலுக்குப் போனார். மெத்தை, கழிப்பறைத் திரவம், தவணையில் கார். மெத்தை ஒன்றே சன்ஷைன் பகுதியில் வாங்கிய வீட்டின் கடனை அடைத்தது.

ஆக, காசுக்குக் குறைவில்லை. குறை வேறு. திரையில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. செயின்ட் ஆல்பன்ஸில் அவரைப் போன்ற மால்டாத் தீவுக்காரர்கள் கூடும் கிளப்புக்குப் போனால், தங்கை புருஷன் வென்ஸு விடமாட்டார். குழாய் ரிப்பேர் செய்பவர் என்பதால் அடைப்பு எங்கே என்று அவருக்குத் தெரியும்.

"ஏன் மச்சான், முப்பது வருஷமா டிவில இருக்கேங்கிற. எங்க இருக்க? இன்னும் பின்னாடியேதானா?"

சிரிப்பவர்களோடு சேர்ந்து நீனுவும் சிரிப்பார். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது.

அந்த வருடம் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடரில் கரடிக்குட்டி போலிருக்கும் கிழட்டு வாம்பட் விலங்கு ஒன்றுக்கு மாதிரிக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். மாதிரிக் குரல் என்றால், படம் வரைபவர்கள் வாயசைவுக்கு வைத்துக்கொள்வது. வரைந்து முடிந்ததும் அதை அழித்துவிட்டுப் பிரபலம் ஒருவர் வந்து பேசுவார். கூலி முந்நூற்றைம்பது டாலர். இங்கே பிரபலம் என்றால் ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்தான். டேரில் மக்ரே என்பவரைப் பிடித்திருந்தார்கள்.

நீனு பதிவுக்குப் போன அன்று காலைச் சாப்பாடு தவறிவிட்டது. வழியில் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்த மால்டாப் பலகாரமான பஸ்திஸ்ஸி ஒரு பொட்டலம் வாங்கி, மைக்கின் முன்னாலேயே கடித்துக்கொண்டு பேசினார். அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த சரக்கு. வரிக்கு நடுவே "ஹூ... ஹா... ஊஃப்" என்று ஊதி ஊதித்தான் பேச்சு வந்தது. மால்டாக்காரன் எவனும் பஸ்திஸ்ஸி ஆறும்வரை காத்திருந்ததாகச் சரித்திரம் கிடையாது. வரைபவர்களுக்கோ அந்த ஊதல் பிடித்துப்போயிற்று. வாம்பட்டின் கன்னம், மீசை, தொப்பை எல்லாவற்றையும் அதற்கேற்ப வரைந்துவிட்டார்கள்.

டேரில் வந்தார். பேசினார். ஊத வரவில்லை. இயக்குநர் ஒரு பஸ்திஸ்ஸியைச் சுடவைத்து வாயில் கொடுத்துப் பார்த்தார். டேரில் அதை மென்று விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கே, இன்னொண்ணு இருக்கா?" என்றார். மைதானத்தில் எலும்பு முறிந்தபோதும் முகம் சுளிக்காத மனிதர்.

அதனால்தான் லினெட் நீனுவை மறுபடி கூப்பிட்டார்.

"மொத்தம் நாப்பத்தாறு மூச்சு நீனு. ஒண்ணுக்கு நாப்பது. ஆயிரத்து எண்ணூத்து நாப்பது வருது. ஊதிட்டுப் போயிடுங்க."

நீனுவின் அம்மா ஃபுட்ஸ்க்ரே மார்க்கெட்டில் துணி விற்றவர். விலை படியாமல் நடப்பவரை மூன்றாவது கடை தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அது தெரிந்து மெதுவாக நடப்பதும் வழக்கம்.

"காசு கிடக்கட்டும். கடைசில ஓடுற பட்டியல்ல என் பேரு வரணும்."

"அது முடியாதே. வாம்பட்னா டேரில் பேரு மட்டும்தான். ஒப்பந்தம் அப்படி."

"அப்ப சரி, வரேன்" என்று நீனு எழுந்தார்.

கூடத்திலிருந்து வாசலுக்கு ஏழே அடி. மூன்று கடைத் தூரத்தை ஏழடிக்குள் நடப்பது சாமானியமல்ல. ஒரு ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். மற்றதையும் கட்டினார். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று சுவரில் ஒட்டியிருந்ததை இரண்டு முறை படித்தார். கடைசியில் கதவின் கைப்பிடியைத் தொட்டார்.

"நீனு, நில்லுங்க. பேரு போடறேன், எங்கயாவது ஒரு மூலைல. ஆனா காசு கிடையாது. ஏதாவது ஒண்ணுதான்."

வாழ்க்கையில் எதையும் சொன்ன விலைக்கு வாங்காத மனிதர் அன்று வாங்கினார். பன்னிரண்டு பஸ்திஸ்ஸியைத் தன் காசில் வாங்கி, சுடச்சுடக் கடித்து, நாற்பத்தாறு மூச்சையும் ஊதிக் கொடுத்தார். நாக்கு வெந்து நான்கு நாள் பேச்சில்லை.

ஒரு சனிக்கிழமை காலை தொடர் ஒளிபரப்பானது. கிளப்பின் பெரிய டிவி முன்னால் இருபத்திரண்டு பேர். அத்தனை பேருக்கும் காபி நீனு செலவில். வாம்பட் ஊதியபோதெல்லாம் கூட்டம் சிரித்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நீனு நாற்காலி நுனிக்கு வந்தார்.

அதே நொடியில் சேனல்காரன் பட்டியலைத் திரையின் மூலைக்கு ஒதுக்கினான். மிச்ச இடமெல்லாம் மெத்தை. பெயர்கள் எறும்பு வரிசையாக ஓடி மறைய, மேலே ஒரு குரல் முழங்கியது: "இந்த வாரம் மட்டும், பாதி விலை!"

"அட, நம்ம நீனு குரல்" என்றார் ஒருவர்.

நீனு தலை குனிந்தார். தன் பெயர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது தானேதான்.

வென்ஸு ஆரம்பிக்கப்போகிறார் என்று எல்லோரும் திரும்பினார்கள். அவரோ டிவிக்கு அடியில் ஸ்டூலின்மேல் நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் போனில் பிடித்திருந்தார். விரலால் நிறுத்தி, பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இருக்குடா. 'கூடுதல் மூச்சு: நீனு ஃபரூஜா'." போனை எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தார். "மூச்சுக்குன்னு தனியா ஒருத்தன் பேரு போட்டு நான் பாத்ததில்ல மச்சான். காபிக் காசு நான் குடுத்துட்டேன், விடு."

போன் கைமாறிக் கைமாறி மேசை முழுவதும் சுற்றி வந்தது. நீனு காபி ரசீதைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினார். வரவு: மாதிரிக் குரல் 350, மெத்தை விளம்பரம் மறுபடி ஓடியதற்கு 220, ஆக 570. செலவு: விட்ட கூலி 1,840, பஸ்திஸ்ஸி 30, நாக்குக்கு மருந்து 14, ஆக 1,884. நஷ்டம் 1,314.

கடைசியாக, காபி 110 என்று எழுதி, பக்கத்தில் 'வென்ஸுவுக்குப் பாக்கி' என்று குறித்துக்கொண்டார்.