சோலோன் டிராம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மா மியா இரண்டு பீங்கான் கோப்பைகளைப் பாயின் மேல் கவிழ்த்து வைத்தாள். ஒன்று சைகோன், இன்னொன்று சோலோன். நடுவே ஒரு சிவப்பு நாடாவை நீட்டிப் போட்டாள். அது டிராம் போகிற வழி. "கப்பல் இங்க நிக்கும், கோ சாமி" என்று ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துச் சைகோனுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இறங்குனதும் ரிக்‌ஷாக்காரன் வந்து பெட்டியப் பிடிப்பான். வேண்டாம்னு சொல்லணும். கொஞ்சம் நடந்தா மார்க்கெட். அங்கேருந்து டிராம். கார் எதுக்கு? டிராம் போதும்."

அவள் 'கோ சாமி' என்று பர்மிய வழக்கப்படி அழைக்கும் அப்பாசாமி சன்னலோரம் நின்று சவரம் செய்துகொண்டே 'ம்' கொட்டினான். ரங்கூனில் பசுந்தாங் ஓடைக்கரை அரிசி மில்லில் எடை போடும் குமாஸ்தா அவன். மூட்டை ஒரு வீசை குறைந்தாலும் தூக்குகிறவன் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவான், அவ்வளவு கெட்டிக்காரன். கட்டினவள் மா மியாவின் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் சில வாரங்களாகத் துப்பில்லை. கண்ணாடியைப் பார்த்தே காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

சைகோனில் அவன் தங்கை கனகாம்பாள் இருக்கிறாள். பாண்டிச்சேரிக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, பிரெஞ்சு சர்க்காரின் சுங்க ஆபீசில் அவருக்கு வேலை கிடைத்ததும் கூடவே கப்பலேறிப் போனவள். மூத்த மகளுக்கு இப்போது கல்யாணம். தாய்மாமன் சீர்வரிசையோடு வந்து நிற்காவிட்டால் மணவறையில் பெண்ணுக்குத் தலை நிமிராது. அந்த ஊர்ப் பக்கமே அப்பாசாமி போனதில்லை. பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஒரு கப்பல், அங்கே மாறி ஏற இன்னொரு கப்பல், இறங்கினால் வாயில் நுழையாத பிரெஞ்சு. அவன் மலைத்துப்போய் நின்றபோது, வழி கேட்கிற வேலை முழுவதையும் மா மியாதான் தலையில் போட்டுக்கொண்டாள். அவள் கேட்கக் கேட்க அவனுக்கு உடம்பு கூசியது. ஏனென்றால் அவளை அழைத்துப் போகிற எண்ணம் அவனுக்கு இல்லை.

எல்லாம் மாரிச்சாமி வந்துபோன அன்றைக்கு ஆரம்பித்தது. கனகாம்பாள் புருஷனோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவர் அவர். லீவில், தாமுவேயில் இருக்கும் தம்பியைப் பார்க்க ரங்கூன் வந்தவர், கல்யாணச் செய்தியையும் வாய்மொழியாகக் கொண்டுவந்தார். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் பிரம்பு. சைகோனில் பிரெஞ்சுப் பிரஜைகளான தங்களுக்கு வெள்ளைக்காரனுக்குச் சமமாக ஓட்டு உண்டு என்பதை உட்கார்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எங்கே போனாலும் காரில்தான் போவார்கள் என்றும், தாய்மாமனுக்காக யாரும் கார் அனுப்பமாட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அங்க ஒரு பேச்சு அடிபடுது அப்பாசாமி. தாய்மாமன் ரங்கூன்ல பர்மாக்காரி ஒருத்திய வச்சிருக்காராமேன்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டுப்புட்டாங்க. உங்க தங்கச்சி சத்தியம் பண்ணியிருக்கு, அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு. நீங்க தனியா வந்து நின்னீங்கன்னா எல்லார் வாயும் அடைபட்டுடும்."

அந்த நேரம் பார்த்து மா மியா தேநீர் கொண்டுவந்தாள். பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதைப்படி வலக்கை முழங்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு கோப்பையை வைத்தாள். மாரிச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இது யாரு?"

"சமையலுக்கு இருக்கற பொம்பளண்ணே" என்றான் அப்பாசாமி.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. "அதான பாத்தேன்" என்று மாரிச்சாமி தேநீரை எடுத்து ஊதினார். மா மியா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நடையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அவளை அவன் வைத்துக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மாவும் மாமன்மாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒரே தட்டில் இருவரும் சாப்பிட்டு, பிக்குகளுக்குச் சோறு போட்டுக் கட்டிக்கொண்டவள். தாலி இல்லை, அவர்களிடம் அந்த வழக்கமே இல்லை. மில்லில் மூட்டை சரிந்து அவன் கால் முறிந்து கிடந்த வருஷத்தில், சந்தையில் கருவாட்டுக் கடை போட்டு அவனுக்குச் சோறும் வைத்தியமும் பார்த்தவள். இதெல்லாம் அவனுக்குத் தெரியாததா? எல்லாம் தெரிந்தும் அந்த நாக்கு அப்படித்தான் புரண்டது. தங்கை மகள் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று தனக்குத்தானே பூசி மெழுகிப் பார்த்தான். அது ஒட்டவில்லை. மாரிச்சாமியின் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் அவள் முகத்தில் அப்பியிருந்த சந்தன வண்ணத் தனக்கா மரப்பட்டைப் பூச்சு அவனுக்கு அசிங்கமாகத் தெரிந்தது. உண்மை அதுதான்.

விருந்தாளி போன பிறகு மா மியா கேட்டது ஒரே கேள்வி. "அந்த ஊர்ல கார் இல்லாம எப்படிப் போறது, கோ சாமி?" அப்பாடா, இவள் காதில் கார் மட்டும்தான் விழுந்திருக்கிறது என்று அவன் மூச்சு விட்டான். அன்றிலிருந்து அவள் வழி விசாரிக்கத் தொடங்கினாள், அவன் கண்ணாடியோடு பேசத் தொடங்கினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அவனைச் சீனர்கள் வாழும் லத்தா வட்டாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் மொத்தமாகக் கருவாடும் உலர்ந்த இறாலும் வாங்குகிற சீனர் கடை அங்கே இருக்கிறது. கடைக்காரர் மனைவியின் அக்கா சோலோனில் குடியிருக்கிறாள். அந்தச் சீனத்தி இறாலைப் புடைத்துக்கொண்டே பர்மிய பாஷையில் எல்லாவற்றையும் சொன்னாள். சைகோன் வெள்ளைக்காரத் தெருக்களாம், போலீஸ்காரன்கூடப் பிரெஞ்சில்தான் அதட்டுவானாம். பயப்பட வேண்டாம், டிக்கெட்காரனிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் காசை நீட்டினால் போதும். சோலோனில் இறங்கினால் நம் லத்தாவில் இறங்கின மாதிரியே இருக்குமாம். மா மியா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கடைசி டிராம் எப்போது? பொம்பளைகள் தனியாக ஏறலாமா? கல்யாணம் நடக்கப்போகிற சைகோன் மாரியம்மன் கோயிலிலிருந்து டிராம் நிற்கிற இடம் எவ்வளவு தூரம்? தங்கை வீடு சைகோனில் இருக்க, இவள் ஏன் சோலோனையே சுற்றிச் சுற்றி வருகிறாள் என்று அப்பாசாமிக்குப் புரியவில்லை. சீனத்தி அவனைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க அக்கா வீட்டு அறை சின்னதுதான். ஆனா சன்னல் இருக்கு" என்றாள்.

வீடு திரும்ப டிராம் ஏறினார்கள். சன்னலோர இடத்தில் மா மியா, பக்கத்தில் அவன். மடியில் சீனத்தி கொடுத்த இறால் பொட்டலம்.

"எந்த அறை?" என்று கேட்டான்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "எனக்கு. நீங்க சைகோன்ல தங்கச்சி வீட்ல இருங்க. நான் சோலோன்ல இருக்கேன். அங்க எல்லா ஊர்க்காரங்க முகமும் இருக்காம். என்னை யாருன்னு யாரும் கேக்கமாட்டாங்க. நேரம் கெடச்சா டிராம் ஏறி வாங்க. கார் வச்சிருக்கறவங்க யாரும் டிராம்ல ஏறமாட்டாங்களாம். உங்களை யாரும் பாக்கமாட்டாங்க."

"மா மியா..."

"எனக்குத் தமிழ் தெரியாதா, கோ சாமி? நீங்கதான கத்துக்குடுத்தீங்க."

அப்பாசாமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. நல்ல யோசனையாக இருக்கிறதே என்று ஒரு கணம் உள்ளே ஒருவன் தலையாட்டினான். தங்கைக்கும் கெடுதல் இல்லை, இவளுக்கும் ஊரைப் பார்த்த மாதிரி ஆயிற்று. அந்தத் தலையாட்டலைத் தானே கண்டுகொண்ட பிறகுதான் வெட்கம் வந்தது. வந்ததும் உட்கார இடம் இல்லாத மாதிரி உடம்பு முழுக்க நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாளே, அந்த நிமிஷத்திலிருந்து இவள் எல்லாம் தெரிந்து, கேட்டுக் கேட்டு, தனக்கென்று ஒரு ஊரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவனோ, இவளுக்குப் புரியவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

"கல்யாணத்தன்னிக்குக் கோயில் வாசல்ல கூட்டத்தோட நின்னு பொண்ண ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றாள். டிராம் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. "சமையல் நல்லாருக்கும்னாவது அந்த ஆளுகிட்ட சொல்லியிருக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. அழுதிருந்தால்கூட அவன் சமாதானம் சொல்லிச் சமாளித்திருப்பான்.

அந்த வாரம் முழுக்க அவன் மில்லில் தராசைப் பார்த்தபடி ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகினான். 'இவ என் சம்சாரம்.' சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கல்யாணம் என்ன ஆகும், தங்கை என்ன சொல்லித் தூற்றுவாள் என்பதெல்லாம் கண்முன்னே வந்துதான் போயிற்று. இருந்தாலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மாலை மாரிச்சாமி வந்தார். மறுநாள் அவருக்குக் கப்பல். கனகாம்பாளுக்கு என்ன பதில் கொண்டுபோகட்டும் என்று கேட்டார்.

"வரேன்னு சொல்லுங்கண்ணே. ரெண்டு டிக்கெட் எடுக்கறேன்."

"ரெண்டா? கூட யாரு?"

அப்பாசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். "இவ..." என்றான். தொண்டையைச் செருமினான். மாரிச்சாமி புருவத்தைத் தூக்கிக்கொண்டு அவனையே பார்த்தார். அந்தப் புருவம் இறங்குவதற்குள் உள்வாசலிலிருந்து மா மியா பேசினாள். நல்ல தமிழ், ஒரு இடத்திலும் தட்டவில்லை.

"நான்தாங்க. சோலோன்ல லத்தா சீனக் கடை முதலாளியம்மாவோட அக்கா வீட்டுக்கு வேலைக்குப் போறேன். அய்யா கப்பல்ல துணைக்குக் கூட்டிட்டுப் போறாரு."

அய்யா. அவள் அந்த வார்த்தையை அவனிடம் இதுவரை சொன்னதில்லை.

"தமிழ் நல்லாப் பேசுதே" என்று மாரிச்சாமி சிரித்தார். பிரம்பை எடுத்துக்கொண்டார். அப்பாசாமியின் தோளைத் தட்டி, சைகோனில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மரப்படிகளில் இறங்கிப் போனார். அவர் குடித்து வைத்த கோப்பையை எடுக்க மா மியா வந்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் கோப்பையைத்தான் பார்த்தாள்.

செருப்புக்கூடப் போடாமல் அப்பாசாமி படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினான். மாரிச்சாமி ரிக்‌ஷாவில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார்.

"என்ன, எதையாவது விட்டுட்டு வந்துட்டனா?"

"இல்லண்ணே. ஒண்ணு சொல்லணும்."

மூச்சிரைத்தது. அவரை நேரே பார்க்க முடியாமல் அவன் மேலே பார்த்தான். மாடித் தாழ்வாரத்தில் மா மியா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தாள். என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் முகம் அப்படித்தான் இருந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஒரு அடி பின்னால் வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள், மாரிச்சாமி நிமிர்ந்தால் கண்ணில் படாதபடி கதவுக்குள் மறைந்துவிட்டாள்.

அவன் எதைப் பார்க்கிறான் என்று மாரிச்சாமியும் அண்ணாந்து பார்த்தார். கொடியில் அவனுடைய இரண்டு வேட்டிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பெண்கள் உடுத்தும் துணிக்குக் கீழே ஆண்கள் நடக்கக் கூடாது என்பது மா மியாவின் ஆட்கள் வழக்கம். தன்னுடையதை அவள் பின்பக்கச் சுவரோரம்தான் உலர்த்துவாள். தெருவிலிருந்து பார்க்கிற யாருக்கும் அந்த வீட்டில் ஆண்பிள்ளை ஒருவன் தனியாகக் குடியிருப்பதாகவே தோன்றும். மாரிச்சாமி அந்த வேட்டிகளைப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பி, ரிக்‌ஷாவில் வைத்த காலை எடுக்காமல் காத்திருந்தார்.