புரொபசரை ஏற்றி வந்த வண்டி

...வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குகிறது, நாய்தான் அப்படி வாங்கும், பூனை வாயால் மூச்சு விட்டால் உடம்பில் ஏதோ சரியில்லை என்று இதைக் கொடுத்தனுப்பிய அந்த அம்மாள் கிளம்பும்போது சொன்னார், சொல்லிக்கொண்டே கூடை ஓட்டைக்குள் விரலை விட்டு அதன் நெற்றியைத் தடவினார், அப்போது வாய் மூடித்தான் இருந்தது, வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போதுகூட மூடித்தான் இருந்தது, இப்போது என்ன வந்தது... கதிரவன் வண்டியை முப்பதுக்கு மேல் விரட்டவில்லை. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்து, உரசுகிற மாதிரி ஏறிப் போனது, டிரைவர் தலையை நீட்டி என்னவோ கத்தினான், கத்தட்டும், ஆனால் அந்தச் சத்தத்தில் இது இன்னும் சுருண்டுகொண்டதே. இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, பக்கத்து சீட்டில் வைத்து, கீழே பழைய துண்டு விரித்து, நடுவில் இது, சாம்பல் நிறத்தில் வரி போட்ட பன்னிரண்டு வயதுக் கிழட்டுப் பூனை, இரண்டு சிறுநீரகமும் பழுது, பெயர் புரொபசர். சிதம்பரத்திலிருந்து கடலூர் செம்மண்டலத்தில் இவன் வீடு வரை ஒரு மணி நேரம், இந்த வேகத்தில் போனால் இரண்டு, அதுவரை தாங்குமா? பாலத்துக்கு முன்னால், வண்டிகேட் தாண்டிய திருப்பத்தில் பார்வையைத் திருப்பக் கூடாது என்று நினைத்திருந்தான், திருப்பினான், அங்கே ஒன்றுமில்லை, ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நின்றது, இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டு குடித்தார்கள், தாரில் ஒரு கறைகூட இல்லை, நான்கு மாதத்தில் எத்தனை மழை பெய்திருக்கும்.

நான்கு மாதம். ராமாமிர்தம், வயது அறுபத்தேழு, பல்கலைக்கழக நூலகத்தில் அட்டெண்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், அந்தத் திருப்பத்தில் கை காட்டாமல் சைக்கிளை வலப்பக்கம் ஒடித்தார், இவனுடைய குட்டி யானை லோடு வண்டி இடித்தது, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. டீக்கடை கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது, வண்டி நிதானமாகத்தான் வருகிறது, சைக்கிள்தான் குறுக்கே வருகிறது, இன்ஸ்பெக்டர் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "உன்மேல தப்பு இல்லப்பா" என்றார். கேமராவில் வண்டிதான் தெரியும், ஓட்டுகிறவனின் கண் தெரியாது. கல்யாண மண்டபத்துக்கு ஏற்றிய நாற்காலிகள் பின்னால் கடகடவென்று ஆடின, கட்டிய கயிறு தளர்ந்துவிட்டதோ என்று பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தான், அவ்வளவுதான், எவ்வளவு நேரம் பார்த்தான், இரண்டு நொடியா, நான்கா? இரண்டு என்றால் ரோட்டைப் பார்த்துப் பிரேக் பிடித்திருந்தாலும் வண்டி நின்றிருக்காது, நான்கு என்றால் நின்றிருக்கும், குளிக்கும்போது, சாப்பிடும்போது, சிக்னலில் நிற்கும்போது எண்ணிப் பார்க்கிறான், ஒரு நாள் இரண்டு வருகிறது, ஒரு நாள் நான்கு வருகிறது. மனைவி வெண்மதியிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் சொன்னதெல்லாம் மீனைப் பற்றித்தான், சைக்கிள் பையிலிருந்து மத்தி மீன்கள் ரோட்டில் சிதறிக் கிடந்தன, யாரோ ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினார்கள், யாரோ தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள், இவன் குனிந்து மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி பையில் போட்டுக்கொண்டிருந்தான், ஏன், யாருக்காக, ஒருவர் தோளைப் பிடித்து உலுக்கி, "யோவ், அதப் போயி பொறுக்கினு கெடக்குற" என்று கேட்டபோதுதான் கை நின்றது.

இன்று காலைதான் தெரிந்தது, அந்த மீன் இதற்கு. கூடைக்குள் இருக்கும் இதற்கு. செத்தவர் வீட்டுத் தெருமுனையில் மூன்று தடவை வண்டியை நிறுத்தியிருக்கிறான், முதல் தடவை சும்மா, இரண்டாம் தடவையும் சும்மா என்றுதான் சொல்லிக்கொண்டான், சாத்திய கேட்டுக்குப் பின்னால் படியில் இந்தப் பூனை உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது, மூன்றாம் தடவை கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, நீல மையில், குண்டு குண்டான எழுத்தில்: பூனை வளர்க்க விருப்பம் உள்ளவர்கள் உள்ளே வந்து கேட்கவும், வயது பன்னிரண்டு, இரண்டு கிட்னியும் பழுது, மருந்து கொடுக்க வேண்டும், கடிக்காது. அதற்குப் பிறகு ஒரு வாரம் தூக்கமில்லை. இன்று போகும்போது ஒரு பொய் தயாராக வைத்திருந்தான், கடலூரிலிருந்து வருகிறேன், வாட்ஸப்பில் யாரோ போட்டிருந்தார்கள், எனக்குப் பூனை என்றால் உயிர். வாயைத் திறக்கவே விடவில்லை அந்த அம்மாள். தங்கம்மாள், இறந்தவருக்கு அக்கா, எழுபது வயது இருக்கும், ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "ஒன்ன ஸ்டேஷன்ல பாத்தேன் தம்பி. நீ என்னப் பாக்கல, தலைய குனிஞ்சினு ஒக்காந்திருந்த. தெருமுனையில வண்டிய நிறுத்தினு நின்னியே, அதயும் பாத்தேன்." டம்ளரைத் தரையில் வைத்தான். "பேப்பர் ஒட்டி ஒரு வாரம் ஆவுது. கெழட்டுப் பூனய, அதுவும் சீக்குப் பூனய யாரு எடுத்துப்பாங்க? நீ வருவன்னுதான் ஒட்டினேன்." எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. கிள்ளையில் மகள் வீட்டுக்குப் போகப்போகிறாராம், மாப்பிள்ளைக்கு மூச்சுத் தொந்தரவு, பூனை ஆகாதாம். "அன்னிக்கி எந்தம்பி இதுக்குத்தான் மீன் வாங்கப் போனான்" என்றார், குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை, அரிசி விலை சொல்வது போலச் சொன்னார். தம்பி, தம்பி என்று இவனையும் அதே வார்த்தையில்தானே கூப்பிட்டார்... எதற்காக வரவழைத்தார்? இது தண்டனையா? அல்லது வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதால் மட்டுந்தானா?

பிறகு ஊசி. ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற வேண்டும், மாட்டாஸ்பத்திரி டாக்டர் தங்கம்மாளின் தம்பிக்குக் கற்றுக்கொடுத்து, அவர் போனபிறகு இவர் தட்டுத்தடுமாறிச் செய்துகொண்டிருந்திருக்கிறார், "என் கை நடுங்குது, அதுக்கு வலிக்குது, நீ போடு" என்றார். ஜன்னல் கம்பியில் பாட்டில் தொங்கியது. பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து, ஊசியைக் கிடையாக வைத்து... இவன் ஊசியை வைத்து வைத்து எடுத்தான், அவர் இவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார், எலும்பாக இருந்த அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது, "பயப்படாத, குத்து" என்றார். குத்தினான். பூனை ஒரு சத்தமும் போடவில்லை, காதை மட்டும் மடக்கிக்கொண்டது. தோலுக்கடியில் தண்ணீர் சேர்ந்து கழுத்தோரம் ஒரு கட்டி போல உப்பி வந்தது.

புதுச்சத்திரம் தாண்டும்போது போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டுக் காலுக்கிடையில் வைத்தான். "மாமா, எங்க வர்றீங்க? எடுத்துக்கினீங்களா அத?" வெண்மதி. எடுத்துக்கொண்டேன் என்றான். "நான் ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காதீங்க. தெனமும் அதப் பாக்கறப்ப உங்களுக்கு அந்த ஞாபகம் ஜாஸ்தியாவுமா, கொறையுமா? எனக்குப் பயமா இருக்கு மாமா." தெரியல என்றான், அதுதான் உண்மை. பால் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டாள், பால் கொடுக்கக் கூடாது, உப்பில்லாமல் வேகவைத்த மீன், நிறையத் தண்ணீர் என்றான், "மீனா" என்று அவள் இழுத்தாள், போனை வைத்த பிறகுதான் கவனித்தான், கூடையிலிருந்து அந்த மூச்சுச் சத்தம் வரவில்லை. புரொபசர், என்றான். புரொபசர். வெயில் கண்ணாடியில் அடித்தது, ஓட்டைகளுக்குள் நிழல்தான் தெரிந்தது, அசைகிறதா, ரோட்டைப் பார், ரோட்டைப் பார், கூடையைப் பார்க்காதே, எத்தனை நொடி பார்த்தாய் இப்போது, ஒன்றா, இரண்டா... கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. செத்துப்போயிருந்தால்? செத்துப்போயிருந்தால் திரும்பிச் சிதம்பரம் போக வேண்டுமா, அல்லது இப்படியே எங்காவது புதைத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா, சீ, என்ன மனம் இது.

ஆலப்பாக்கத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினான். கயிற்றை அவிழ்த்து மேல்கூடையை ஒரு கையளவு தூக்கியதுதான், கல் போல் கிடந்தது எப்படித்தான் அப்படி வழுக்கியதோ, திறந்திருந்த கதவு வழியாகத் தொப்பென்று விழுந்து வண்டிக்கடியில் போய்விட்டது. நல்லவேளை, ஓடவில்லை, ஓடத் தெம்பில்லை. கையெட்டும் தூரத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்று போகும்போதும் வண்டி முழுக்க ஆடியது. கதிரவன் மண்ணில் குப்புறப் படுத்தான். பின்சக்கரத்தின் உள்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்தது, வாய் திறந்து, நாக்கு வெளியே, கண் இரண்டும் கறுப்பாக விரிந்து. இந்த உயரத்திலிருந்து சக்கரத்தை அவன் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். கையை நீட்டினான், எட்டவில்லை, இன்னும் நீட்டினான், அது சாலைப் பக்கமாக ஒரு அடி நகர்ந்தது. கையை இழுத்துக்கொண்டான். இன்னும் ஒரு அடி நகர்ந்தால் வெளியே, அதற்கப்புறம் லாரி. தண்ணீர் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி வைத்தான், பார்க்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டான், இவன் குரல் அதற்கு என்ன, இவன் யார் அதற்கு? ஒரு வழிதான் இருந்தது, அந்த அம்மாள் வீட்டைவிட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே, அதற்குள் போன் பண்ணி என்னவென்று சொல்வது, வண்டிக்கடியில் இருக்கிறது என்றா, அந்த அம்மாளிடம், என் வண்டிக்கடியில் என்றா?

போட்டான். காலையில் தங்கம்மாள் கொடுத்த நம்பர், முதல் மணியிலேயே எடுத்தார். "அம்மா, நான் கதிரவன். பூன எறங்கி வண்டிக்கடியில போயிடுச்சும்மா. வரமாட்டேங்குது. ரோடும்மா." அவர் அலறவில்லை. மூச்சை உள்ளே இழுத்தது மட்டும் கேட்டது. "போன சத்தமா வச்சி அதுகிட்ட நீட்டு" என்றார். ஸ்பீக்கரில் போட்டு, மண்ணில் முடிந்த மட்டும் தள்ளி வைத்தான். போனிலிருந்து குரல் வந்தது, அவருடைய குரல் அல்லாத ஒரு குரல், கனமாக, கொஞ்சம் கேலியாக: "புரொபசர் சார், லைப்ரரி மூடப் போறாங்க, எழுந்திருங்க சார். எழுந்திருங்க." அவர் தம்பி தினமும் பொழுது சாய்கையில் அதைப் படியிலிருந்து உள்ளே கூப்பிட்ட விதம் அதுவாகத்தான் இருக்கும், யாரும் சொல்லாமலே புரிந்தது. பூனையின் ஒரு காது திரும்பியது. "லைட்ட அணைக்கப் போறேன் சார்." வாய் மூடியது. ஒரு கால், இன்னொரு கால், மெதுவாக, யாரையும் பார்க்காமல், பழகிய வழியில் போகிற மாதிரி வந்து போனை முகர்ந்தது. கதிரவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடரித் தோலைப் பற்றினான், காலையில் பற்றிய அதே இடம், சலைன் கட்டி இன்னும் முழுதாகக் கரையவில்லை, இழுத்து நெஞ்சோடு அணைத்தான். எடையே இல்லை. எலும்பும் மயிரும் ஒரு துடிப்பும்.

"வந்துச்சா?" என்றது போன். வந்துவிட்டது என்றான், குரல் உடைந்தது, உடைந்தது அவருக்குக் கேட்டிருக்கும். "நீ ஏன் அழுவுற. கூடையில வையி. பாத்துப் போ. ராத்திரி தின்னுச்சான்னு சொல்லு. ஊசி போட்டதும் சொல்லு. நான் கிள்ளைக்குப் போனாலும் இதே நம்பர்தான்." இப்போது சொல்லிவிடலாம், இப்போது விட்டால் எப்போது, "அம்மா, அன்னிக்கி நான் ரோட்டப் பாக்காம..." ஒரு லாரி கடந்தது, நீளமான லாரி, கடந்து முடிகிற வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "என்ன சொன்ன, கேக்கல." ஒன்றுமில்லை என்றான். சரி, என்று அவர் வைத்துவிட்டார்.

கூடையைக் கட்டினான், முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான், சீட்டில் ஏறி உட்கார்ந்தான். வாய் மூடியிருந்தது, மூக்கால்தான் மூச்சு விட்டது, துண்டை முன்னங்காலால் பிசைந்தது. ராத்திரி போன் பண்ணலாம், தின்றது என்று சொல்லலாம், நாளை மறுநாள் பண்ணலாம், போட்டுவிட்டேன், கத்தவில்லை என்று சொல்லலாம், அது சுலபம்தான், தினமும் ஒரு நிமிடம்... சாவியைத் திருப்பப் போன கை நின்றது. எத்தனை நாள்? பன்னிரண்டு வயது, கிட்னி இரண்டும் போனது, ஆறு மாதமோ, நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் ஒரு வருடமோ, அதற்கப்புறம் ஒரு நாள் இதே நம்பருக்கு வேறொரு போன் பண்ண வேண்டும். தம்பி செத்த சேதியை யாரோ ஒரு போலீஸ்காரர் வீட்டுக் கதவைத் தட்டி அந்த அம்மாளிடம் சொன்னார், இவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை தட்ட யாரும் இருக்க மாட்டார்கள். அவருக்கு அது தெரியாமலா இருக்கும், தெரிந்துதான் கொடுத்தாரா, இவன் வாயால் ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்றா... அம்மா, நான் கதிரவன், என்று ஆரம்பித்தால் போதுமா, பேர் சொல்கிற விதத்திலேயே தெரிந்துவிடாதா, அதற்குப் பிறகு என்ன வார்த்தை இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு அந்த நொடிகளை மட்டும் சொல்லாமல் போனை வைக்க முடியுமா? கூடைக்குள் பூனை புரண்டு படுத்தது. கண்ணாடியில் பின்னால் வருகிற சாலையைப் பார்த்தான், காலியாக இருந்தது, இன்னொரு தடவை பார்த்தான், வண்டியை எடுக்கவில்லை.